திரைக்குப் பின் நிற்கும் கண்

பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகாவின் ஆடல் ஓவியங்களைப் போற்றுவோர் அவற்றின் ஒளியையும் அசைவையுமே பெரிதும் பேசுவர். அவை எவ்விடத்திலிருந்து பார்க்கப்பட்டன என்பதையே நாம் ஈண்டு நோக்க விழைகிறோம்.

1876–77 அளவில் அவர் தீட்டிய 'விண்மீன்' என்னும் ஓவியத்தில் நடனமணி தனித்து ஆடுகிறாள். பின்னே, காட்சித் தட்டிகளின் இடையில், கருப்பு உடையணிந்த ஆடவர் ஒருவர் நிற்கிறார், முகம் தெரிவதில்லை. பாரிஸ் ஓபராவின் செல்வந்தச் சந்தாதாரர்கள் மேடைப் பின்புறம் சென்றுவரும் உரிமை பெற்றிருந்தனர். அவ்வுரிமையைத் தெகா மறைக்கவில்லை. ஆயினும், காட்சி முழுவதும் மேலிருந்து, மாடத்து இருக்கையிலிருந்து காண்பதுபோல் அமைந்துள்ளது. தட்டியருகே நிற்பவரை அவள் காண்பதில்லை, நாம் காண்கிறோம். இதனை இரக்கம் என்பது மிகை. 1881இல் அவர் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலைக்கு மாதிரியாக நின்ற மரீ வான் கோதெம் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். அவளது களைப்பைத் தெகா துல்லியமாக அறிந்தார்; அதனைச் சுமந்தவர் அல்லர்.

தமிழில் இதற்கு எதிர்நிலைச் சான்று ஓவியத்தில் அன்று, எழுத்தில் உள்ளது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபையில் ஆறு வயதில் சேர்ந்த தி. க. சண்முகம், பின்னாளில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' நூலில் திரைக்குப் பின்னான உலகை அதற்குள் வளர்ந்தவராகவே கூறுகிறார்.

பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் இவ்விரு பார்வைகளுக்கும் இடையே தொலைவே இருந்ததில்லை. இன்று அந்நிலங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. காமன் கூத்து நடந்த இரவுகளில், கோயிலை ஒட்டிய கொட்டகையில் புடவைகளைக் கட்டி மறைப்பு அமைப்பர். அதன் இடுக்கில் கண் வைத்த சிறுவர்களுள் நாமும் இருந்தோம். ரதி வேடமிட்டவர் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் லயத்துப் பெரியப்பா. இதனைத் தீட்ட முனையும் ஓவியர்க்கு மாடத்து இருக்கை உதவாது. விடியுமுன், தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு அவர் பெரட்டுக் களத்தில் நின்றார். கையில் பால் வாளி. காதோரத்தில் துடைபடாத சிவப்பு.