கழுத்தில் இருக்கிறது முகவரி

பழைய சவரக் கத்தி சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அலகை அல்ல, பிடிக்குள் நுழையும் கழுத்தை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டா, ஜெர்மனியின் சோலிங்கனா என்று அங்கேதான் குத்தியிருக்கும். கூடவே நாட்டின் பெயரும் இருந்தால் இன்னொரு துப்பு கிடைத்துவிடும். இறக்குமதிச் சரக்கில் உற்பத்தி நாட்டைப் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம் சொன்னது. அத்தகைய கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

பழைய ஷெஃபீல்டு அலகுகள் ஆப்புபோலக் கனத்தவை. பின்னாளில் இருபுறமும் குழிவாகச் சாணை பிடித்தார்கள். அப்படி மெலிந்த அலகு முடியை அறுக்கும்போது ரீங்கரிக்கும். எனக்கு வியப்பு அதன் முதுகில்தான். முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படும்படி வைத்துத் தீட்டினால் போதும். சரியான கோணம் கத்தியின் உடம்பிலேயே அமைந்திருக்கிறது.

கத்திக்குத் துணையான சவரப் பிரஷ்ஷில் பேட்ஜர் என்ற விலங்கின் முடிக்குத்தான் மவுசு. தண்ணீரை நன்றாகப் பிடித்துவைத்து நுரையைப் பெருக்கும். பன்றி முடி முரடு. பழகப் பழக நுனி பிளந்து மென்மையாகும்.

வாங்குவோர் கவனிக்க: பழைய செல்லுலாய்டு பிடி சிதையும்போது வெளிவரும் அமில வாயு அலகைத் துருப்பிடிக்க வைக்கும். அத்தகைய கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.