அத்திரம்பாக்கம்: எந்த எண்ணை நம்புவது?

அத்திரம்பாக்கத்துக்கு நேரே போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றையொட்டி முட்புதரும் மழைநீர் அரித்த ஓடைகளும் கூழாங்கற்களுமாகக் கிடக்கும் நிலம் அது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் இதுதான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். முதலில் பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போய்க் கைக்கோடரியைப் பார்த்துவிடுவது நல்லது. இரு முகத்திலும் சில்லுசில்லாகப் பெயர்த்து, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைப் பிடிக்கத் தோதாகத் தடிமனாகவே விட்ட குவார்ட்சைட் கல் அது. ஆற்றில் உருண்டு உடைந்த கல் இப்படி அமையாது.

இனி வயது. எல்லாரும் மேற்கோள் காட்டும் '15 லட்சம் ஆண்டு' எங்கிருந்து வந்தது? சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999இல் தொடங்கிய அகழாய்வின் முடிவு, 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்ஸில் விண்கதிர்களால் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டும் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அந்த வரவு நின்றுபோகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், மிஞ்சிய விகிதத்திலிருந்து வயதைக் கணிக்கலாம். ஆறு கருவிகளின் சராசரி 15.1 லட்சம். ஆனால் கல் முன்பே ஒருமுறை புதைந்து மீண்டிருந்தால் இந்த முறை வயதைக் கூட்டிக் காட்டிவிடும். அதனால்தான் இரண்டாவது சாட்சி முக்கியம்: களிமண் படிவில் பதிந்த பூமியின் காந்தத் திசை இன்றைக்குத் தலைகீழாக இருப்பதை வைத்து, கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று அவர்கள் கணித்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் என்பதை இரண்டு சாட்சிகளும் ஒருசேரச் சொல்கின்றன. 15 லட்சத்தைச் சொல்வது ஒன்று மட்டுமே. செய்தித்தாள்களுக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. எனக்கு அதுவே முதன்மையானது.

இதை வைத்து 'மனித இனம் தோன்றியதே தமிழ் மண்ணில்' என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: கென்யாவில் கிடைத்த இதே வகைக் கைக்கோடரிகள் 17.6 லட்சம் ஆண்டுப் பழையவை.

2018இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவுதான் நின்று யோசிக்க வைக்கிறது. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே வடிவமைத்த மூலக்கல்லிலிருந்து சில்லு பெயர்க்கும் லெவலுவா முறை இங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்கிறது அது. இந்தியாவில் இந்த மாற்றம் 1.25 லட்சம் ஆண்டளவில்தான் நடந்தது என்பது பழைய எண்ணம். புதிய கணிப்பின் பிழை எல்லை 64 ஆயிரம் ஆண்டு. அதை முழுதாகக் கழித்தாலும் 3.21 லட்சம் மிஞ்சும். ஆக, பழைய கணக்கு நிற்காது.

இந்தக் கருவிகளைச் செய்தது யார் என்பது வேறு வழக்கு. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழைய நம் இனத்தவரின் எலும்புகள் கிடைத்திருப்பதால், அவர்களே இந்த முறையை இங்குவரை கொண்டுவந்தார்கள் என்று சொல்ல ஆசை வரும். ஆனால் ஐரோப்பாவில் நியாண்டர்தால்களும் லெவலுவா முறையைக் கையாண்டவர்களே. கல்லை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது. அத்திரம்பாக்கம் அகழாய்வில் விலங்குப் பற்கள் கிடைத்தன. மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் கிடைத்த மண்டையோட்டுப் பகுதியே எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. காலக்கணிப்பை ஏற்கிறேன், ஆளடையாளத்தை ஏற்பதற்கில்லை.