ஒற்றை வரியில் முடியும் மேல்முறையீடு

குற்ற வழக்கில் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றுக்கொண்ட பிறகு, வழக்கறிஞர் வரவில்லை என்ற காரணத்துக்காக அதைத் தள்ளுபடி செய்யக் கூடாது. வழக்குக் கட்டைப் படித்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 1996-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்த விதி இது. ஆனால் அதே வழக்கறிஞர் வந்து நின்று ஒரு மெமோவைக் கொடுத்து ‘நாட் பிரஸ்டு’ (வலியுறுத்தவில்லை) என்றால், ‘வாபஸ் பெறப்பட்டதால் தள்ளுபடி’ என்ற ஒற்றை வரியோடு பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன. வராதவருக்கு உள்ள பாதுகாப்பு வந்து கைவிடுபவருக்கு இல்லை.

காரணம், சட்டத்தின் மௌனம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் மேல்முறையீடு செய்யும் வழியை விரிவாகச் சொல்கின்றன. திரும்பப் பெறும் வழியைச் சொல்லவில்லை. அது நீதிபதியின் விருப்புரிமைக்கு விடப்பட்டிருக்கிறது.

வாபஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. உயர் நீதிமன்றங்களில் மேல்முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. சில ஆண்டுத் தண்டனை பெற்றவர், வழக்கு எடுக்கப்படும் முன்பே முழுத் தண்டனையையும் அனுபவித்து வீடு திரும்பிவிடுகிறார். அவர் இனி வக்கீல் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்று நினைத்தால், தடுப்பது நியாயமல்ல. சிறைக்குள் இருப்பவருக்கு வேறொரு கணக்கு உண்டு. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கையில் ஆளுநர் தண்டனையை நிறுத்திவைக்க முடியாது என்று 1960-இல் நானாவதி வழக்கில் அந்த நீதிமன்றமே சொன்னது. விடுப்பு கேட்கும் கைதிக்கு எதிராகத் தமிழ்நாட்டிலும் அந்தத் தீர்ப்பு காட்டப்பட்டிருக்கிறது. மேல்முறையீட்டைக் கைவிட்டால் வெளியே போகும் கதவு திறக்கும் என்று அவர் எண்ணுவதில் வியப்பில்லை.

குறையும் அங்கேதான் இருக்கிறது. தாமதம் நீதிமன்றத்துடையது; அதற்கான விலையைக் கைதி தன் உரிமையைக் கொடுத்துத் தீர்க்கிறார். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதுவரை அனுபவித்த தண்டனையோடு வெளியேற விரும்பும் கைதிகளைக் கண்டறிய டெல்லி, சத்தீஸ்கர் உயர் நீதிமன்றங்களில் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கச் சொன்னது. மேல்முறையீட்டு உரிமையைப் பறித்து ஒப்புதலைக் கறப்பது நோக்கமல்ல என்றும் அதே உத்தரவில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை தேவைப்பட்டதே ஆபத்து எங்கே என்பதைக் காட்டுகிறது.

வாபஸ் பெற்றவருக்குத் தண்டனை முடியலாம். குற்றவாளி என்ற தீர்ப்பு முடிவதில்லை. அரசு வேலைக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பிறகும் ஆறாண்டு தேர்தலில் நிற்க முடியாது. இத்தனையையும் கைதிக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா என்று அந்த ஒற்றை வரி உத்தரவிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒரு பயம் மட்டும் அண்மையில் குறைந்திருக்கிறது. மேல்முறையீடு செய்யப்போய்த் தண்டனை கூடிவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சிப் பின்வாங்குவோர் உண்டு. தண்டிக்கப்பட்டவர் மட்டுமே தொடுத்த மேல்முறையீட்டில் அவர் நிலையை முன்னைவிட மோசமாக்கக் கூடாது என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து போன ஒரு வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

அரசு தன் மேல்முறையீட்டைக் கைவிடுவது வேறு விஷயம். அரசின் கையில் இருப்பது சொந்த உரிமையல்ல, பொதுமக்கள் சார்பில் ஏற்ற பொறுப்பு. கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு முன் அரசு வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதிக்கக் கூடாது என்று புதிய சட்டத்தின் 360-ஆம் பிரிவு சேர்த்திருக்கிறது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கென்றால் உயர் நீதிமன்ற அனுமதியும் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆகஸ்ட் உத்தரவு. விடுதலையை எதிர்த்த மேல்முறையீட்டை அரசு வாபஸ் பெறுவதற்கு இப்படி எழுதிவைத்த நிபந்தனை ஏதுமில்லை. ஆட்சி மாறும்போது அரசு வழக்கறிஞர்களும் மாறும் நாட்டில் இது சிறிய ஓட்டையல்ல.

ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. கைதி கேட்டால் எளிதாகக் கொடுக்கலாம். ஆனால் காணொலியிலாவது அவரிடமே பேசி, விளைவுகளைச் சொல்லி, சம்மதத்தைப் பதிவுசெய்த பிறகு. அரசு கேட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, பாதிக்கப்பட்டவரைக் கேட்டு, அதன் பிறகே முடிவெடுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விருப்புரிமை ஏற்கெனவே நீதிபதியிடம் இருக்கிறது. அதைக் காரணம் சொல்லிப் பயன்படுத்தினாலே போதும்.