கேரியரில் உட்காரும் பிள்ளை

பினாங்கில் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். கார் வைத்திருப்பவர் “உயிரோடு விளையாடுறதா?” என்பார். அறுபது தாண்டியவர் “நாங்கெல்லாம் அப்படித்தானே பள்ளிக்கூடம் போனோம்” என்பார். இரண்டும் பதில் ஆகாது. ஒருவர் தம் காரோடு ஒப்பிடுகிறார், மற்றவர் 1970களின் தெருவோடு. ஜார்ஜ்டவுனில் பிள்ளையை அன்றாடம் சைக்கிளில் ஏற்றும் குடும்பத்துக்கு மாற்று வழி பெரும்பாலும் கப்சாய் எனும் சிறிய மோட்டார்சைக்கிள்தான். நியாயமான ஒப்பீடு அதனோடுதான்.

மலேசியச் சாலைகளில் 2016இல் இறந்தவர்கள் 7,152 பேர். 2019இல் 6,167 பேர். இவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். தலைக்கவசம் 1973 முதல் சட்டப்படி கட்டாயம். இருந்தும் காலை வேளையில் சாலையோரம் நின்றால், அப்பா மட்டும் கவசம் போட்டிருக்க, முன்னால் ஒரு பிள்ளை நின்றபடி ஹேண்டிலைப் பிடித்திருக்க, பின்னால் இன்னொன்று அரைத்தூக்கத்தில் சாய்ந்திருக்கப் போகும் மோட்டார்களை எண்ணி முடியாது. இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதில்லை, கண் பழகிவிட்டது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் உடலின் இயக்க ஆற்றல், 15 கி.மீ.யில் போகும்போது உள்ளதைப்போல் பதினொரு மடங்கு. தானாகச் சறுக்கி விழும் விபத்தில் இந்தக் கணக்கு சைக்கிளுக்கே சாதகம். பின்னாலிருந்து கார் இடிக்கும் விபத்தில் கதை வேறு. அங்கே தீர்மானிப்பது காரின் வேகம், சைக்கிளின் வேகம் அல்ல.

ஆகவே விபத்தை இரண்டாகப் பிரித்துத்தான் எடை போட வேண்டும்: சைக்கிள் தானே விழுவது, பிறர் வந்து மோதுவது.

முதல் வகையைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். பின்னிருக்கையில் உட்கார்ந்த பிள்ளையின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 17 கி.மீ. இதற்குச் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. ஸ்டாண்ட் போட்டுவிட்டு, பிள்ளையை உட்காரவைத்து, கேட்டைப் பூட்டத் திரும்பும் அந்த நேரம் போதும். இந்த இடத்தில் தலைக்கவசம் கைகொடுக்கும். ஐரோப்பியத் தரமான இஎன் 1078, கவசத்தைத் தட்டையான பரப்பில் வினாடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு 19.5 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுத்தான் சோதிக்கிறது. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. 2016இல் ஒலிவியர், கிரெய்ட்டன் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, கவசம் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 விழுக்காடு குறைவு என்று கண்டார்கள். 1989இல் சியாட்டல் ஆய்வொன்று சொன்ன 85 விழுக்காடு மிகை என்று ஆனாலும், 69 விழுக்காடே பெரிய எண்தான். ஆனால் 60 கி.மீ.யில் வரும் எம்பிவி காருக்கு அந்தக் கவசம் செய்யப்படவில்லை. “ஹெல்மெட் போட்டாச்சு” என்ற நிம்மதி பர்மா சாலை போன்ற பெரிய சாலைகள்வரை நீளக்கூடாது.

இதே வகையில் இன்னொன்று, யாரும் பேசாதது: கால். சௌராஸ்தா சந்தைப் பக்கம் ஒரு தாத்தா பேத்தியை ஏற்றி வருவதைப் பார்த்தேன். கேரியரில் பழைய குஷனை ரப்பர் பட்டையால் கட்டியிருந்தார். பிள்ளையின் முதுகில் அவளைவிட அகலமான பை. கறுப்புப் பள்ளிக் காலணிகள் இரண்டும் கம்பிகளுக்கு நான்கு விரல் தள்ளித் தொங்கின. மேடு பள்ளத்தில் சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் ஒரு கால் உள்ளே போய் வந்தது. தாத்தாவுக்கு அது தெரியாது, அவர் முன்னால் பார்த்து ஓட்டுகிறார். சுழலும் கம்பிக்குள் குதிகால் சிக்கினால் தோல் மட்டுமல்ல, தசைநாரும் கிழியும். அதைத் தடுக்கத் தேவையானதோ ஒரு பிளாஸ்டிக் மறைப்பும் இரண்டு கால்தாங்கிகளும்தான். இந்தியாவில் மோட்டார்சைக்கிளின் பின்சக்கரம் பாதியளவாவது மறைக்கப்பட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சேலைக்காகப் பிறந்த விதி பிள்ளையின் காலுக்கும் உதவுகிறது. இங்கே காரில் குழந்தை இருக்கையை 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கினோம். சைக்கிளின் கேரியர்மேல் மட்டும் எவர் கண்ணும் விழவில்லை.

ஆர்மீனியன் தெருவில் 2012இல் ஏர்னஸ்ட் ஸக்காரெவிச் வரைந்த சுவரோவியத்தை இந்த வழக்கில் சாட்சியாக இழுப்பவர்கள் உண்டு. நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி, அக்காள் ஓட்ட, தம்பி பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்திருக்கும் அந்தப் படம் மகிழ்ச்சியின் படம். நல்ல ஓவியம், போக்குவரத்துக் கொள்கை அல்ல. அதன் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதே கையோடு நாலு சக்கர வாடகைச் சைக்கிளில் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, நடுச்சாலையில் சிரித்துக்கொண்டு போகும் சுற்றுப்பயணிகளைப் பார்த்தால், ஓவியம் கொஞ்சம் அதிகமாகவே நம்பவைத்துவிட்டதோ என்று தோன்றும்.

பெரியவர்களின் “நாங்கெல்லாம் போனோம்” வாதத்தையும் உதறிவிட முடியாது. பள்ளிப் பிள்ளைகளைப் பெச்சா எனும் மிதி ரிக்‌ஷாவில் அடுக்கிக்கொண்டு போன ஊர் இது. பினாங்கு பெச்சாவில் ஓட்டுபவர் பின்னால், பயணி முன்னால். பிள்ளை எப்போதும் ஓட்டுபவரின் கண்ணில் இருக்கும். மூன்று சக்கரம், ஸ்டாண்டிலிருந்து சாயும் பேச்சே இல்லை. ஐரோப்பாவில் இன்று பெரும் விலைக்கு விற்கும் முன்பெட்டிச் சைக்கிளின் அமைப்பு இங்கே நெடுங்காலமாக இருந்தது. ஆனால் எதிரே வருவது எதுவானாலும் முதலில் வாங்குவதும் பயணிதான். அன்று எதிரே வந்தவை குறைவு. இன்று நாட்டில் பதிவான மோட்டார் வாகனங்கள் மூன்று கோடிக்கு மேல்.

வெளிச்சமும் ஒரு சங்கதி. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பினாங்கில் அதனால் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். ஜனவரி, பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். பள்ளி மணியும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். அதாவது பிள்ளையை ஏற்றிப்போகும் நேரம், கார்கள் மிக அவசரமாக ஓடும் நேரமும் இருட்டு முற்றும் விலகாத நேரமும் ஆகும். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத சைக்கிளை அந்த மங்கலில் காண்பது காரோட்டிக்கு உண்மையிலேயே கஷ்டம்.

சைக்கிள் ஆர்வலர்கள் இரண்டு வாதங்களை வைப்பார்கள். சைக்கிள்கள் பெருகப் பெருக ஒவ்வொரு சைக்கிளோட்டிக்கும் ஆபத்து குறையும் என்று 2003இல் ஜேக்கப்சன் எழுதியது ஒன்று. நம் சாலையில் இரண்டு சக்கர வாகனத்துக்கா பஞ்சம்? மோட்டார்கள் அத்தனை இருந்தும் சாவுக் கணக்கில் அவைதான் முதலிடம். எண்ணிக்கை மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. மற்றொன்று, உடற்பயிற்சியால் கூடும் ஆயுள், விபத்தாலும் புகையாலும் குறையும் ஆயுளைவிடப் பலமடங்கு என்ற 2010ஆம் ஆண்டு டச்சு ஆய்வு. ஆய்வில் குறை இல்லை. ஆனால் மிதிப்பது அப்பா, பயிற்சியின் பலனும் அவருக்கே. பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது புகையும் ஆபத்தும் மட்டுமே. பெற்றவரின் ஆரோக்கியக் கணக்கைப் பிள்ளையின் பெயரில் எழுதக்கூடாது.

ஜப்பானைக் காட்டுவார்கள். அங்கே 2009 முதல் அதற்கென்றே செய்த சைக்கிளில் இரண்டு சிறுபிள்ளைகளை ஏற்ற அனுமதி உண்டு. அம்மாக்கள் முன்னொன்று பின்னொன்றாக ஏற்றிக்கொண்டு போவது தினசரிக் காட்சி. ஆனால் அவர்கள் பல இடங்களில் நடைபாதையில் ஓட்டுகிறார்கள். ஜார்ஜ்டவுனின் ஐந்தடி நடைபாதையிலோ கடைச் சரக்கும் நிறுத்திய மோட்டாரும் இருக்கின்றன, நடப்பவரே சாலையில் இறங்கித்தான் போகிறார். நெதர்லாந்திலும் 1971இல் நானூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் மாண்டபின் பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள். அவர்கள் கேட்டதும் பிறகு பெற்றதும் வேகம் குறைந்த தெருக்களும் தனிப் பாதைகளும். இருக்கையை இறக்குமதி செய்யலாம், தெருவை இறக்குமதி செய்ய முடியாது.

நம் நாட்டிலோ பிள்ளையும் சைக்கிளும் என்றதும் பேச்சு பெற்றோரைத் திட்டுவதில் முடிகிறது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், நள்ளிரவு கடந்து ‘லாஜாக்’ எனப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களில் திரிந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்த பிறகு இது இன்னும் கூடிற்று. அந்தச் சம்பவத்துக்கும் பாலர் பள்ளிக்குப் போகும் நாலு வயதுப் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை.

என் தீர்ப்பு ஊரைக் கோடு போட்டுப் பிரிக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே எந்தத் தெருவிலும் வேண்டாம். கழுத்து அந்தக் குலுக்கலைத் தாங்காது. ஒன்று முதல் ஆறு வயதுவரை, வார்ப்பட்டையும் கால்மறைப்பும் உள்ள பின்னிருக்கை, தலைக்கவசம், விடிந்த வெளிச்சம், ஆர்மீனியன் தெரு, குயின் தெரு போன்ற பழைய நகரத்தின் குறுகிய தெருக்கள் என்றால் சரி. அங்கே நெரிசலே காரின் வேகத்தைப் பிடித்துவைக்கிறது. நிறுத்திய காரின் கதவு திறக்கும் தூரத்தைவிட்டு விலகி, கூச்சப்படாமல் நடுவே ஓட்ட வேண்டும். அந்த எல்லைக்குள் கப்சாயைவிட இதையே நான் தேர்வேன். பர்மா சாலை, டத்தோ கெராமட், கிரீன் லேன், ஸ்காட்லண்ட் சாலை ஆகியவற்றில் கூடாது. எவ்வளவு நல்ல இருக்கை ஆனாலும் கூடாது. பின்னால் இழுத்துப்போகும் கூண்டு வண்டி, தாழ்வாக இருப்பதால் விழும் ஆபத்தில் குறைவு, காரோட்டி கண்ணில் படுவதிலும் குறைவு. பூங்காவோடு நிற்கட்டும்.

இதில் பெரிய சிக்கல் ஏழு வயது. பெரும்பாலான பின்னிருக்கைகள் தாங்குவது 22 கிலோவரை. ஒன்றாம் ஆண்டில் சேரும் பிள்ளை பையோடு அந்த எடையைத் தாண்டிவிடும். ஸ்காட்லண்ட் சாலையில் இருக்கும் இராமகிருஷ்ணா தமிழ்ப்பள்ளி போன்ற பள்ளிகளுக்குப் போகத் தொடங்கும் வயதில்தான் பாதுகாப்பான இருக்கை முடிந்து வெறும் கேரியர் தொடங்குகிறது. சாலையும் அதே நேரத்தில் அகலமாகிறது. அந்த வயதில் பிள்ளையை ஏற்றிப்போவதைவிட, தானே ஓட்டிப்போகத் தடுப்பு வைத்த பாதை வேண்டும். மாநிலம் போட்டிருக்கும் நல்ல சைக்கிள் பாதை லிம் சோங் இயூ விரைவுச்சாலை ஓரம், கடலைப் பார்த்தபடி குவீன்ஸ்பே பக்கம் ஓடுகிறது. ஞாயிறு மாலைக்கு அருமை. திங்கள் காலையில் பள்ளி வாசலுக்கு அதில் போய்ச் சேர முடியாது.