சிங்கப்பூரின் 69 லட்சம்: ஒரு வெள்ளை அறிக்கையை மறுபடி படித்தபோது

2013 ஜனவரி கடைசியில் சிங்கப்பூர் அரசு மக்கள்தொகை வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. 2030-ல் நாட்டில் 65 முதல் 69 லட்சம் பேர் இருக்கலாம் என்று அதில் ஒரு கணிப்பு. ஊரே அந்த 69-ஐப் பிடித்துக்கொண்டது. ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள் (அந்த ஊரில் இது தினம் நடக்கிற விஷயம் இல்லை). நாடாளுமன்றத்தில் ஐந்து நாள் விவாதம், கடைசியில் 77-க்கு 13. ஆனால் 2024-ல் மக்கள்தொகை 60.4 லட்சம்தான். எண்ணை ஓரமாக வைத்துவிட்டு அறிக்கையைப் படித்தால், வேறு ஓட்டைகள் கண்ணில் படுகின்றன.

அடிப்படைக் கணக்கு சரிதான். 2012-ல் 65 வயது தாண்டிய ஒரு குடிமகனுக்கு உழைக்கும் வயதில் 5.9 பேர், 2030-ல் 2.1 பேர். அதனால் ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 பேருக்குக் குடியுரிமை என்கிறது அறிக்கை. சரி, வந்தவர்களுக்கும் வயசாகும் இல்லையா? 35 வயதில் குடியுரிமை வாங்கிய இன்ஜினியர் முப்பது வருஷத்தில் கூட்டுத்தொகையின் அந்தப் பக்கம் போய்விடுவார். அவருக்கும் அதே வீட்டு விலை, அதே வேலை நேரம், அதே டியூஷன் ஓட்டம். அவர் மட்டும் எப்படி நாலு பிள்ளை பெறுவார்? பிறப்பு விகிதத்துக்கு அரசு சலுகைகள் கொடுக்காமல் இல்லை. 2011-ல் 1.20 ஆக இருந்தது, 2023-ல் 0.97-க்கு வந்துவிட்டது.

மென்பொருள்காரன் கண்ணுக்கு இது ஒரு கெப்பாசிட்டி பிளான். 2000-ல் 40 லட்சம், 2010-ல் 50 லட்சம் என்று லோடை ஏற்றியாகிவிட்டது. 2011 டிசம்பரில் எம்ஆர்டி மூணு நாளுக்குள் ரெண்டு தடவை பெரிசாகப் படுத்தது. அதற்குப் பிறகுதான் 178 கிலோமீட்டர் ரயில் பாதையை 2030-க்குள் 360 ஆக்கும் திட்டம் பேசப்படுகிறது. பராமரிப்புக் கோளாறு வேறு, கூட்டம் வேறு என்று வாதிடலாம். நெரிசலில் நின்றவனிடம் அந்த வாதம் எடுபடாது.

எனக்கு ரொம்ப உறுத்தியது ஓர் அடிக்குறிப்பு. திறன் குறைந்த வேலைகளுக்கு உதாரணம் சொல்லும் இடத்தில் நர்ஸ் வேலையையும் சேர்த்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திருத்திவிட்டார்கள். வெறும் கைப்பிழை என்று விட எனக்கு மனசு வரவில்லை. முதியோர் பெருகப்போகிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் கவலைப்படும் ஆவணம், அவர்களைத் தூக்கி உட்காரவைக்கப் போகிறவர் யார் என்று யோசித்திருந்தால் அந்த வரி அச்சுக்குப் போயிருக்காது. 'திறன்' என்று வரும் இடத்திலெல்லாம் 'சம்பளம்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், அறிக்கை பெரும்பாலும் அப்படியே ஓடும்.

2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்கிறவர்களுக்கு காம்பஸ் என்ற புள்ளி முறை வந்திருக்கிறது. சம்பளம், பட்டம், அந்த நிறுவனத்தில் ஒரே நாட்டுக்காரர்கள் எத்தனை பேர், உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை என்று பார்த்து 40 புள்ளி தேற வேண்டும். ஒரே ஊர்க் கும்பலாக ஆள் எடுக்கும் ஐடி கம்பெனிகளுக்கு இது நல்ல கடிவாளம் என்றே நினைக்கிறேன்.

இது மேல்தட்டுக்கு. தாத்தாவைக் குளிப்பாட்டும் வீட்டுப் பணிப்பெண் வொர்க் பெர்மிட்டில் வருகிறவர். குடும்பத்தை அழைத்து வர முடியாது. சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்ய நினைத்தால் மனிதவள அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். அறிக்கை சொல்லும் வாழ்க்கைத் தரத்தில் இவருடைய வாழ்க்கைக்கு எந்தப் பக்கத்தில் இடம் என்று தேடினேன், அகப்படவில்லை.