குதிகாலை விட்ட கை

குதிகால் கைக்கு வந்துவிட்டது. எதிராளியின் முழங்கால் இவருடைய தொடைகளுக்கு நடுவே மாட்டிக் கிடக்கிறது. இன்னும் ஒரு திருகு, எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டும் டேப் விழுந்துவிடும் என்று அரங்கம் எழுந்து நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் குதிகாலை விட்டுவிட்டு எதிராளியின் மற்ற காலைப் பிடிக்கப் போனார். கையில் கிடைத்ததைக் கோட்டைவிட்டார் என்றது வர்ணனை. அன்றிலிருந்து இந்த இளைஞரைப் பற்றி ஒரே பேச்சு: வீடியோ பார்த்துக் கால்பூட்டு கற்றவர், பிடிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது.

பெயர் வேண்டாம். கி சீருடை இல்லாமல் ஆடும் நோ-கி ஜியு-ஜிட்சு போட்டிகளை விடாமல் பார்க்கிறவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். எனக்கு அவர் ஆட்டம் பிடிக்கும், அதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு குதிகாலை விட்டதுதான் என்று சொல்ல, அவரைப் பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. முழங்கால் எங்கே இருந்தது என்று பார்த்தால் போதும்.

ஹீல் ஹூக் என்ற இந்தக் குதிகால் பூட்டில் வேலை செய்வது கை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டித் திருகும்போது திரும்புவது கீழ்க்கால். தொடை எலும்பு அசையாமல் நின்றால்தான் அந்தத் திருகல் முழங்காலில் போய்ச் சேரும், உள்ளே ஜவ்வு இழுபடும். தொடையும் கூடவே திரும்பிவிட்டால் இடுப்பு வரை முழுக்காலும் உருளும், முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே பூட்டின் பலம் தாக்குபவருடைய கால்களில் இருக்கிறது. எதிராளியின் தொடையை முழங்காலுக்கு மேலே அவை எவ்வளவு நெருக்கிக் கவ்வியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. கைக்குக் கடைசி வேலை மட்டுமே.

அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, கையைப் பார்க்காமல் முழங்காலை மட்டும் பாருங்கள். எதிராளி அதற்குள் முழங்காலைப் பாதி உருவிவிட்டார். மற்ற காலின் பாதத்தை இவருடைய பிட்டத்தில் ஊன்றி உதைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு உதை, முழங்கால் முழுசாக வெளியே. அதற்குப் பிறகு கையில் இருப்பது வெறும் பாதம். பாதத்தைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறவரின் கார்டை, அதாவது கால்களால் போடும் தடுப்பை, கடந்து எதிராளி பக்கவாட்டில் வந்து அமர்ந்துவிடுவார். ஏடிசிசி என்ற நோ-கி போட்டியின் விதியில், புள்ளிக் கணக்கு தொடங்கிய பிறகு, அதற்கு மூன்று புள்ளி.

இவர் என்ன செய்தார்? உதைத்துக்கொண்டிருந்த அந்தக் காலையே பிடித்தார். உதை நின்றது. வெளியேறிக்கொண்டிருந்த முழங்கால் மறுபடி உள்ளே வந்தது. இரண்டு காலும் சிக்கிய எதிராளிக்கு எழ வழியில்லை, திருகலோடு சேர்ந்து உருளவும் இடமில்லை. எப்படியோ ஒரு காலைப் பிடுங்கிக்கொண்டு குப்புறத் திரும்பித் தவழ்ந்தார். இவர் கூடவே எழுந்து முதுகில் ஏறிவிட்டார். நழுவிய வாய்ப்பு என்று சொல்லப்பட்டதற்கும் முதுகில் கொக்கி விழுந்ததற்கும் நடுவே பத்து விநாடிகூட இருக்காது. இரண்டும் ஒரே முடிவின் இரண்டு முனைகள் என்பதை வர்ணனை கவனிக்கவே இல்லை.

கபடி பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகக்கூடாது. கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்த மாத்திரத்தில் ரெய்டர் அவுட் ஆவதில்லை. கவரிலிருந்து பாய்ந்து வருகிறவர் தொடையை அணைத்து நிறுத்தினால்தான் அந்தப் பிடிக்கு உயிர். கணுக்காலோடு தனியாகக் கிடந்த கார்னரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்ட ரெய்டர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! ஜியு-ஜிட்சுவில் கார்னரும் கவரும் ஒரே ஆள், அவ்வளவுதான்.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். இந்தப் பழி எனக்கு நெடுநாளாகப் பொறுக்கவில்லை.

வீடியோவில் கற்றவர்களுக்கு முடிவு மட்டும்தான் தெரியும் என்கிறவர்கள், அரை நிமிட ரீல்ஸையும் முழுநீளப் பாடத் தொடரையும் ஒரே கணக்கில் போடுகிறார்கள். ரீல்ஸில் குதிகால் திரும்பும், ஆள் கத்துவார், முடிந்தது. 2018-ல் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஒருவர் வெளியிட்ட கால்பூட்டுத் தொடரை உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். மணிக்கணக்கில் ஓடும் அந்தத் தொடரில், எதிராளியின் காலை உங்கள் காலால் எப்படிப் பின்னி வைத்திருப்பது, அவருடைய இரண்டாவது காலை என்ன செய்வது, ஒளித்து வைத்த குதிகாலை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதற்குத்தான் பாடம் பாடமாக இடம். உடைப்பது அதில் ஒரு பகுதி. நம் ஆட்டக்காரர் பிடித்த அந்த இரண்டாவது கால், வீடியோப் பாடத்தின் நடுப்பகுதியிலிருந்து வந்தது.

அவர் வீடியோவுக்குப் போனதும் சோம்பலால் அல்ல. வேறு எங்கே போவது? கால்பூட்டு எந்த ஊரிலும் பெரிய பள்ளிகளின் செல்லப்பிள்ளையாக இருந்ததில்லை. ஜூடோவின் கதமே-நோ-கதா என்ற வரிசையில் ஆஷி கராமி கடைசி நுட்பமாக இன்றும் இருக்கிறது, போட்டி மேட்டில் அதற்குத் தடை. 1950-களின் ரியோ டி ஜெனிரோவில் பாதப் பூட்டு என்றால் புறநகர்ப் பிள்ளைகளின் வித்தை என்று இளக்காரம். ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்த புறநகர் ஆசான் ஒருவரின் மாணவர்கள் அதே வித்தையால் பெரிய இடத்துப் பிள்ளைகளைத் தோற்கடித்த பிறகும் அந்த இளக்காரம் போகவில்லை. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் போட்டிகளில் ஹீல் ஹூக்குக்கு நெடுங்காலம் இடமே இல்லை. 2021-ல்தான் நோ-கியில், அதுவும் வயதுவந்தோர் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும் அனுமதித்தார்கள். கி உடுத்திய ஆட்டத்தில் இன்றும் கிடையாது. போட்டியில் இல்லாததை எந்தப் பயிற்சிக்கூடம் தினமும் சொல்லித்தரும்?

அதற்குள் ஆட்டம் வேறு பக்கம் போய்விட்டது. 2014-ல் தொடங்கிய ஈபிஐ என்ற நோ-கி போட்டிகளில் புள்ளி கிடையாது, டேப் வாங்குவதுதான் குறி. அங்கே கால்பூட்டுக்காரர்கள் வரிசையாக ஜெயித்தார்கள். நான்கு வருடத்தில் பாடத் தொடர்கள் விற்பனைக்கு வந்தன. அனுமதி அதற்கும் பின்னால் வந்தது. வீடியோ முன்னே போக, விதி பின்னே வந்தது. கூடத்தில் கிடைக்காததை ஒரு பிள்ளை திரையில் தேடிக் கண்டுபிடித்தால், கற்றுத்தராதவர்கள் அதைக் குறையாகச் சொல்வதில் நியாயமே இல்லை.

ஒன்றை மட்டும் வீடியோ தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையின் அளவை அது தராது. கைப்பூட்டில் வலி முன்கூட்டியே எச்சரிக்கும், யோசித்து டேப் அடிக்க நேரம் இருக்கும். ஹீல் ஹூக்கில் வலி தெரிகிறபோது ஜவ்வு போயிருக்கலாம். எவ்வளவு திருகினால் எவ்வளவு தூரம் என்பதை இன்னொருவர் முழங்காலில்தான் படிக்க முடியும். அந்தப் படிப்புக்கு விலை கொடுப்பது கூடப் பயிற்சி செய்கிறவர். முன்சிலுவை ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனால் ஒன்பது மாதமோ ஒரு வருடமோ மேட் பக்கம் வர முடியாது.

இந்த இடத்தில்தான் நம் ஆட்டக்காரரைப் பற்றி என் கருத்து மற்றவர்களிடமிருந்து பிரிகிறது. பெரிய கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள், ஒருவர் கால் போனால் இன்னொருவர். சின்ன ஊரில் வீடியோவை வைத்துக் கற்கிறவருக்கு ஜோடி இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அவர்களில் ஒருவர் முழங்கால் போனால் பயிற்சியே நின்றுவிடும். அதனால் இப்படி வளர்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள்: குதிகால் சிக்கியதும் டேப், உடனே விடு, மறுபடி தொடங்கு. திருகுவதே இல்லை. வருடக்கணக்கில் இப்படிப் பழகியவருக்கு என்ன ஆகும்? கால்கள் பிடித்துவைக்கப் பழகும், கை விடப் பழகும். குதிகால் கிடைத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிற வெறி அவரிடம் இருக்காது. அவருடைய பழைய ஆட்டங்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். குதிகால் கையில் இருக்கும்போதெல்லாம் அவர் பார்வை எதிராளியின் இடுப்பில் இருக்கிறது. முழங்கால் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்பதை அங்கேதான் முதலில் படிக்க முடியும். இதை முடிக்கத் தெரியாத குறை என்று சொல்கிறவர்கள், பெரிய கூடங்களில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நழுவிப் போவதைக்கூட உணராமல் கார்டை இழக்கிறவர்களைத் துணிச்சல்காரர் என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

அவரிடம் குறை உண்டு. நின்றுகொண்டு ஆடுவதில் அவர் பலவீனம். டேக்டவுனுக்கு முயற்சியே செய்யாமல் உட்கார்ந்துவிடுகிறார். ஏடிசிசியில் புள்ளி நேரம் தொடங்கிய பிறகு அப்படித் தானாக உட்கார்ந்தால் ஒரு மைனஸ் புள்ளி, நெருக்கமான ஆட்டத்தில் அது ஒன்றே போதும். மேலே வந்த பிறகு அவருடைய அழுத்தமும் சுமார்தான்.

இனி என்ன? முதலாவதாக, மேல்மட்டத்தில் சமபலம் உள்ளவர்களுக்கு இடையே ஹீல் ஹூக்கில் விழும் டேப்கள் குறையும். காரணம் எளிது, அதே வீடியோவை எதிராளியும் பார்த்திருக்கிறார். குதிகாலை ஒளிப்பதும் முழங்காலை உருவுவதும் இப்போது பர்ப்பிள் பெல்ட்டுக்கே தெரிகிறது. உடனே 'கால்பூட்டின் காலம் முடிந்தது' என்று எழுதுவார்கள். முடியாது. காலில் தொடங்கி முதுகில் முடிகிற ஆட்டங்கள் கூடும், கணக்கில் அவை கழுத்துப்பிடி என்று பதிவாகும். கழுத்தை நெரித்த கையைப் பாராட்டுவார்கள், எதிராளியைக் குப்புறத் திரும்ப வைத்த கால்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அடுத்தது, கூட்டமைப்பு நோ-கியில் பர்ப்பிள் பெல்ட்டுக்கும் ஹீல் ஹூக்கைத் திறந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். கி ஆட்டத்தில் என் வாழ்நாளில் திறக்க மாட்டார்கள். வீடியோக்களும் மாறும். இப்போது எங்கே விட வேண்டும் என்பதற்கு ஒரு ஓரம்தான் கிடைக்கிறது, இனி அதற்கென்றே தனித் தொடர் வரும். பெரிய பெயர் கொண்ட கூடம் இல்லாத ஊர்களிலிருந்து, குறிப்பாகச் சாம்போவும் மல்யுத்தமும் ஏற்கனவே ஊறிய கசகஸ்தான், ஜார்ஜியா போன்ற இடங்களிலிருந்து, திரையில் பின்னலைக் கற்று உடம்பில் டேக்டவுனோடு வருகிறவர்கள்தான் அடுத்த சுற்று ஆட்களாக இருப்பார்கள். நம்மவருக்கு உண்மையான போட்டி அவர்கள்.

அவரைப் பற்றியும் துணிந்து சொல்லிவிடுகிறேன். அடுத்த பெரிய போட்டியில் முதல் இரண்டு சுற்றையும் பின்கழுத்துப் பிடியில் ஜெயிப்பார், இரண்டுமே கால் பின்னலில் தொடங்கும். காலிறுதியில் ஒரு ஹீல் ஹூக்கை அவர் உண்மையாகவே திருகி முடிப்பார், ஏனென்றால் விடுவார் என்று எல்லாரும் எதிர்பார்க்கத் தொடங்கியிருப்பார்கள், எதிராளி முழங்காலை இழுக்க ஒரு நொடி தாமதிப்பார். அரையிறுதியில் கீழே இறங்கவே மறுக்கிற, கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நிற்கிற ஒரு மல்யுத்தக்காரர் கிடைத்தால் ஆபத்து. இன்றைய நிலையில் அந்த ஆட்டத்தை அவர் மைனஸ் புள்ளியில் தோற்பார். ஒற்றைக்கால் டேக்டவுன் ஒன்றை மட்டும் அதற்குள் கைவசப்படுத்திவிட்டால் இறுதிச் சுற்றில் இருப்பார், என் பந்தயம் அவர் மேல்தான்.