மார்லின் 336: அட்டையில் போட்ட விலை பெறுமா?

பென்சில்வேனியாவில் நவம்பர் கடைசியில் ரைஃபிள் மான் வேட்டை தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் சிற்றூர்த் துப்பாக்கிக் கடைகளின் சுவரோரம் செகண்ட் ஹேண்ட் லீவர் ரைஃபிள்கள் வரிசை கட்டி நிற்கும். பாதிக்கு மேல் தாத்தா காலத்துச் சரக்கு; பேரனுக்கு வேட்டையில் நாட்டமில்லை, விற்பனைக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒரு கடையில் நான் கையில் வாங்கிப் பார்த்தது மார்லின் 336சி. 30-30 தோட்டா, 20 அங்குலக் குழல், வால்நட் கட்டை. அட்டையில் 850 டாலர்.

விசையைச் சுற்றியுள்ள லீவர் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், அடுத்தது உள்ளே ஏறும். கௌபாய் படங்களில் பார்த்த அதே வேலைதான். அடர்ந்த காட்டில், நூறு நூற்றைம்பது கஜத்துக்குள் மான் சுட இது போதும் என்பதால்தான் 1948-இல் வந்த இந்த மாடல் இன்னும் விலைபோகிறது.

விலை போட உட்காருபவர் முதலில் படிக்க வேண்டியது வரிசை எண்ணை. 1973-க்குப் பின் வந்த மார்லின்களில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100-இலிருந்து கழித்தால் தயாரித்த ஆண்டு கிடைத்துவிடும். நான் பார்த்தது 22-இல் தொடங்கியது, ஆக, 1978. கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில், பழைய கம்பெனி நன்றாக நடந்த காலத்துப் பொருள். இயங்கு பாகங்கள் அடங்கிய ரிசீவரோடு குழல் சேரும் இடத்தில் சின்ன வட்டத்துக்குள் ‘ஜே.எம்.’ முத்திரை. நிறுவனர் ஜான் மார்லினின் முதலெழுத்துகள் அவை. சந்தையில் பாதி விலையை அந்தச் சின்ன வட்டமே பேசி முடித்துவிடுகிறது.

காரணம் இருக்கிறது. 2007 கடைசியில் ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனம் மார்லினை வாங்கியது. நார்த் ஹேவன் ஆலையை மூடி, தயாரிப்பை நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்குக் கொண்டுபோனது. பல காலம் கைப்பழக்கத்திலேயே நடந்த வேலை அது. பழைய தொழிலாளிகளும் கூடவே போகவில்லை. புது ஆலையிலிருந்து முதலில் வந்தவற்றில் கோணிய குறிகாட்டிகள், மரத்துக்கும் இரும்புக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி. வேட்டைக்காரர்கள் ‘ரெம்லின்’ என்று கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். பிந்தைய ஆண்டுகளில் தரம் தேறியது, பெயர் தேறவில்லை. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, வட கரோலினாவின் மேயோடனில் மறுபடி செய்யத் தொடங்கியது. இப்போது வருபவை நல்ல துப்பாக்கிகள், விலையும் அதற்கேற்ப ஆயிரம் டாலருக்கு மேல்.

இங்கே ஒரு பொறி உண்டு. ரெமிங்டன் காலத்து எண்கள் ‘எம்.ஆர்.’ என்றும் ரூகர் காலத்தவை ‘ஆர்.எம்.’ என்றும் தொடங்கும். அவசரத்தில் படித்தால் மாறிப்போகும், பணமும் மாறிப்போகும். இலியனில் செய்த முதல் துப்பாக்கிகள் சிலவற்றில் மிச்சமிருந்த ஜே.எம். குழல்களைப் பொருத்தியும் அனுப்பினார்கள். எனவே முத்திரையை மட்டும் நம்பாமல் எண்ணோடு ஒத்துப் பார்ப்பதே சரி.

பிறகுதான் நிலைமை. தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு லீவரின் ஒற்றைத் திருகைக் கழற்றினேன். லீவர் கையோடு வந்தது, தோட்டாவை அடைத்துப் பிடிக்கும் போல்ட் பின்னால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. 336-இன் பெரிய வசதி இது. குழலைப் பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம். இதற்குப் போட்டியான லீவர் ரைஃபிள் வின்செஸ்டர் 94-ஐ இவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாததால் பலர் முன்வாயிலிருந்தே துடைப்புக் கம்பியை விட்டு, வாயோரத்தைத் தேய்த்து வைத்திருப்பார்கள். அதை வாங்கும்போது முன்வாயைப் பாருங்கள். இங்கே பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் துண்டைச் சாய்வாகப் பிடித்து முன்னாலிருந்து பார்த்தேன். உள்வரிகள் கூர்மையாகச் சுழன்றன. துருக்குழி இல்லை.

வெளியே அவ்வளவு நிம்மதியில்லை. ரிசீவரின் அடிப்பகுதியில், காட்டில் நடப்பவர் ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கும் இடத்தில், கருநீல மெருகு போய் வெள்ளி நிறம் தெரிந்தது. இது நியாயமான தேய்மானம், நான் இதற்காக அதிகம் குறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு திருகுத் தலைகள் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் சிதைந்திருந்தன. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். கட்டையின் பின்முனையை வெட்டி ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. தோளுக்கு இதம்தான், விலைக்கு இல்லை. வெட்டிய மரத்தை யாரும் திரும்ப ஒட்ட முடியாது.

மெருகு போன துப்பாக்கிக்குப் புதுச்சாயம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. பழைய வெண்கல விளக்கைப் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்துவிட்டு, பழம்பொருள் வாங்குபவரிடம் கூடுதல் விலை கேட்கிற கதை அது. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், திருகுத் துளையின் விளிம்பு குழிந்திருந்தால், மறுபடி மெருகேற்றியது என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்கோப் துளை விஷயத்தில் மார்லினுக்குச் சலுகை உண்டு. கூடு பக்கவாட்டில் தெறிப்பதால் மேலே ஸ்கோப் வைக்கலாம், துளையும் தொழிற்சாலையே போட்டது. கூடு மேலே தெறிக்கும் பழைய வின்செஸ்டரில் கேரேஜில் போட்ட ஒரே ஒரு கூடுதல் துளை, சேகரிப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

வின்செஸ்டர் என்றதும் சொல்லிவிடுகிறேன்: 1964-க்கு முன் செய்த 94-களுக்குத் தனி மதிப்பு. அந்த ஆண்டில் செலவைக் குறைக்க உள்ளே தகடு அடித்த பாகங்களைப் போட்டார்கள், சந்தை இன்றுவரை மன்னிக்கவில்லை. நினைவுப் பதிப்புகளைக் கண்டு மயங்க வேண்டாம். 1966-இல் வந்த நூற்றாண்டு மாடல் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. லட்சம் பேர் வீட்டில் இருப்பதை அபூர்வம் என்று எப்படி விற்பது?

இனி எண்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. கன்புரோக்கர் ஏலத் தளத்தில் முடிந்துபோன ஏலங்களை மட்டும் பார்க்க வேண்டும்; வாங்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் விளம்பரத்தை வைத்து விலை சொன்னால் ஏமாற்றம்தான். ‘ப்ளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்’ என்ற தொகுப்பு அசல் மெருகு எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை வைத்து விலை வகுக்கிறது. அடித்தளமாக வைக்க நல்லது, ஆனால் அச்சு விலை சந்தையின் வேகத்துக்கு ஓடாது. இரண்டையும் எதிரெதிரே வைத்து, வெட்டிய கட்டைக்கும் சிதைந்த திருகுகளுக்கும் கழித்தால், என் கணக்கில் இந்த 336 சுமார் 650 டாலர். இதே நிலையில் 35 ரெமிங்டன் தோட்டாவுக்கானது என்றால் கொஞ்சம் ஏற்றிச் சொல்வேன். அவை குறைவாகவே வெளிவந்தன.

பெயர் வேண்டாம், வேட்டைக்குத்தான் என்பவர்கள் கிளென்ஃபீல்ட் 30 தேடுங்கள். மார்லினே மலிவு விலைக் கடைகளுக்காகச் செய்தது. வால்நட்டுக்குப் பதில் சாதாரண மரம், சிலவற்றின் கட்டையில் அழுத்திய அலங்காரம் இருக்கும். உள்ளே இயந்திரம் அதேதான். எதை வாங்கினாலும் போலித் தோட்டா போட்டு லீவரை மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பாருங்கள். கேரியர் என்ற தூக்குப் பலகை தேய்ந்திருந்தால் இரண்டாம் தோட்டா அதன் அடியில் நழுவி எல்லாம் இறுகி நின்றுவிடும். பழுது சின்னது, பேரத்துக்கு நல்ல பிடி.

விற்பவர்களுக்கு: கடைக்காரர் ரொக்கமாகத் தருவது பெரும்பாலும் விற்பனை விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள்தான். அவர் அதை விற்றாக வேண்டும், கோபப்பட ஒன்றுமில்லை. நேரடியாக வெளி மாநிலத்தாருக்கு விற்றாலும் அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டப்படி உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் கைமாற்ற வேண்டும். அனுப்பும் செலவு, அந்தப் பக்கத்து வியாபாரியின் கைமாற்றுக் கட்டணம் எல்லாவற்றையும் வாங்குபவர் மனதுக்குள் கழித்துக்கொண்டுதான் விலை சொல்லுவார்.